நொடிக்கு 7 மீட்டர் வேகம், அரை பார் அழுத்தம்: பால் வடிகட்டலில் குறுக்குப் பாய்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள வெண்ணிறச் செராமிக் குழாய். அதற்குள் நீளவாக்கில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 19 துளைகள். கொழுப்பு நீக்கிய பால் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில், நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் அந்தத் துளைகளுக்குள் ஓடுகிறது. ஒரு முனையில் நுழைந்த பால் மறுமுனையை எட்ட ஏழில் ஒரு நொடிதான் ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ ஒன்றரை பார் அழுத்தத்தை (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்றழுத்தத்தின் அளவு) இழந்துவிடுகிறது. இந்த ஆய்வில் வரும் சிக்கல்கள் எல்லாமே அந்த ஒன்றரை பாரிலிருந்து பிறந்தவை.

பாலை அதிகம் சுடவைக்காமல் அதிலுள்ள பாக்டீரியாவை நீக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 72 டிகிரியில் 15 வினாடி வைத்துப் பாஸ்டரைஸ் செய்தால் நோய்க்கிருமிகள் சாகும். ஆனால் பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் வகைகளின் ஸ்போர்கள், அதாவது சூட்டைத் தாங்கும் உறங்குநிலை வித்துகள், தப்பிப் பிழைக்கும். இன்னும் சூடாக்கினால் அவையும் சாகும். பாலின் சுவையும் கூடவே மாறும். சூடாக்குவதை விட்டுவிட்டு அளவை வைத்தே பிரித்துவிடலாமே என்பது பொறியாளர்களின் எண்ணம். பாலின் புரதத்தில் பெரும்பகுதி கேசீன் திரள்களாக இருக்கிறது. அவற்றின் சராசரி விட்டம் 0.15 மைக்ரான் அளவில் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்டீரியாவும் ஸ்போர்களும் பெரும்பாலும் அரை மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை. இரண்டுக்கும் நடுவே 1.4 மைக்ரான் துளையுள்ள சவ்வு ஒன்றை வைத்தால் புரதம் போய்விடும், கிருமி நின்றுவிடும். துளையைவிடச் சிறிய கிருமிகளும் உண்டுதான். அவற்றிலும் பெரும்பாலானவை நின்றுவிடுவது நடைமுறையில் தெரிந்த செய்தி. கொழுப்புத் துளிகள் மட்டும் பாக்டீரியாவின் அளவிலேயே இருப்பதால் இடைஞ்சல் செய்யும். ஆகவே செபரேட்டரில் க்ரீமை முதலில் பிரித்து, தனியே சூடாக்கி, கடைசியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையை 1980-களில் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் ஆல்ஃபா லாவல் நிறுவனம். 'பாக்டோகேட்ச்' என்று பெயர். 1991-இல் அந்த நிறுவனத்தை டெட்ரா பாக் வாங்கியபின் இந்த முறையும் அந்தப் பெயருக்குப் போனது. சவ்வு பிரான்சிலிருந்து வந்த அலுமினா செராமிக்; தொடக்கத்தில் சொன்ன குழாயின் 19 துளைகளின் உட்சுவரே அந்தச் சவ்வு. யுரேனியத்தைச் செறிவூட்டும் வாயு ஊடுருவல் ஆலைகளுக்காக நுண்துளைச் செராமிக் செய்யக் கற்றுக்கொண்ட பிரெஞ்சுத் தொழில்துறை, அந்தக் கைவண்ணத்தைப் பிற்பாடு பாலுக்கும் பழச்சாற்றுக்கும் திருப்பிவிட்டது. அணு எரிபொருளுக்காகப் பிறந்த பொருள் பால் பண்ணைக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேகம் எதற்கு

வடிகட்ட வேண்டிய திரவத்தைச் சவ்வுக்கு நேராகத் தள்ளினால், கடக்க முடியாதவை அனைத்தும் மேலேயே படிந்து அடுக்காகும். அடுக்கு தடிக்கத் தடிக்க வடிவது குறையும். குறுக்குப் பாய்வில் திரவம் சவ்வை ஒட்டி, அதற்கு இணையாக ஓடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மட்டும் பக்கவாட்டில் சவ்வைக் கடந்து பெர்மியேட்டாக வெளியேறுகிறது. கடக்காத பங்கு ரிடென்டேட்டாகத் திரும்பித் திரும்பிச் சுற்றுகிறது. ஓடும் திரவம் சவ்வின் மேற்பரப்பை உரசும் விசைக்கு ஷியர் என்று பெயர். படியப் பார்க்கும் துகளை அந்த ஷியர்தான் எழுப்பி நடு ஓட்டத்துக்கு அனுப்புகிறது.

நீர்ப்பாசனப் பொறியியல் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. பஞ்சாபின் அப்பர் பாரி தோஆப் கால்வாயில் வண்டலும் படியாமல் அரிப்பும் ஏற்படாமல் பல ஆண்டுகள் நிலைத்திருந்த இடங்களை அளந்து, 1895-இல் ஆர். ஜி. கென்னடி ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்ன ஆழத்துக்கு இன்ன வேகம் இருந்தால் வண்டல் தங்காது என்பதுதான் அது. சவ்வுக் குழாயும் ஒருவகையில் வாய்க்கால்தான். ஒரே ஒரு வேறுபாடு, இந்த வாய்க்காலின் கரை தண்ணீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வேகம் கூடினால் துகள் கரையை நோக்கி இழுபடும். ஓடும் வேகம் கூடினால் விலகும். ஆகவே 'இன்ன வேகம் போதும்' என்று தனியாகச் சொல்வதில் பொருளே இல்லை. எவ்வளவு உறிஞ்சும்போது எவ்வளவு வேகம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சவ்வு வழியே வடியும் அளவுக்கு ஃப்ளக்ஸ் என்று பெயர். ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் கொடுக்கிறது என்பதே கணக்கு. பாலுக்கு 1.4 மைக்ரான் சவ்வில் 500 லிட்டர் அளவிலான ஃப்ளக்ஸை ஒரு வேலைநாள் முழுவதும் நிறுத்திவைக்க முடிந்தால்தான் ஆலை கட்டுப்படியாகும். அதற்குத்தான் நொடிக்கு 7 மீட்டர்.

கணக்கு

50 டிகிரியில் கொழுப்பு நீக்கிய பாலின் அடர்த்தி கன மீட்டருக்கு 1020 கிலோ, பாகுநிலை 0.9 மில்லிபாஸ்கல் வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் வரிவரியாகச் சீராகப் போகுமா, சுழன்று கலங்குமா என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். 4 மில்லிமீட்டர் துளையில் 7 மீட்டர் வேகத்துக்கு அது சுமார் 32,000 வருகிறது. வரிச்சீர் ஓட்டத்தின் எல்லையை எப்போதோ தாண்டிய, முழுச் சுழற்சி ஓட்டம் இது. வழவழப்பான குழாய்க்கான பிளாசியஸ் சூத்திரத்தைப் போட்டால் மீட்டருக்கு 1.5 பார் அழுத்த இழப்பு; சவ்வின் மேல் ஷியர் சுமார் 150 பாஸ்கல்.

இனிக் கொள்ளளவைப் பாருங்கள். 19 துளைகளின் உட்சுவர் பரப்பையும் கூட்டினால் 0.24 சதுர மீட்டர். 500 லிட்டர் ஃப்ளக்ஸில் ஒரு குழாய் மணிக்கு 120 லிட்டர் பெர்மியேட் தரும். அதே குழாய்க்குள் அதே ஒரு மணி நேரத்தில் ஓடும் பால் 6,000 லிட்டர். அதாவது 50 லிட்டரை ஓட்டினால் 1 லிட்டர் வடிகிறது. மீதி 49 லிட்டரும் சவ்வைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக மட்டுமே ஓடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. சுழற்சி ஓட்டத்தில் அழுத்த இழப்பு, வேகத்தின் 1.75-ஆம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. ஷியரும் அப்படியே. பம்ப் தின்னும் மின்சாரமோ 2.75-ஆம் அடுக்கில். வேகத்தை இரட்டித்தால் ஷியர் 3.4 மடங்கு, மின்சாரம் 6.7 மடங்கு. கரைந்த பொருள்கள் சவ்வின் அருகிலிருந்து நடு ஓட்டத்துக்குத் திரும்பும் விகிதமோ, வழக்கமான சமன்பாடுகளின்படி 0.8 அடுக்கில் மட்டுமே உயரும். இரட்டிப்பு வேகத்துக்கு 1.7 மடங்கு. வரிச்சீர் ஓட்டமாக இருந்தால் இன்னும் மோசம்: மூன்றில் ஓர் அடுக்கு, 1.26 மடங்கு. வேகத்தைக் கூட்டுவது எப்போதுமே நட்டக் கணக்கு என்று இதற்குப் பொருள் இல்லை. எவ்வளவு தூரம்வரை கூட்டலாம் என்பதற்கு இந்த அடுக்குகளில்தான் பதில் இருக்கிறது.

நுழைவாயிலில் அடைப்பு

வழக்கமான அமைப்பில் பெர்மியேட் பக்கம் காற்றழுத்தத்துக்குத் திறந்திருக்கும். குழாய்க்கு வெளியே அழுத்தம் எங்கும் ஒன்று. குழாய்க்கு உள்ளே மட்டும் நுழைவாயிலிலிருந்து வெளிவாயில்வரை இறங்கிக்கொண்டே போகிறது. வெளிவாயிலில் 0.3 பாராவது வேண்டும் என்று வைத்தால் நுழைவாயிலில் 1.8 பார் ஆகிவிடும். ஒரே சவ்வின் ஒரு முனையில் இருக்கும் தள்ளுவிசை மறுமுனையில் இருப்பதைப் போல ஆறு மடங்கு.

1.4 மைக்ரான் சவ்வு மிகவும் தளர்ந்த கைகொண்டது. சுத்தமான நிலையில் ஒரு பாருக்கே மணிக்குப் பல ஆயிரம் லிட்டர் தண்ணீரை விட்டுவிடும். 1.8 பாரில் பாலைக் காட்டினால், முதல் சில நொடிகளில் நுழைவாயில் பகுதி நம் இலக்கான 500 லிட்டரைப் போலப் பல மடங்கு உறிஞ்சும். 150 பாஸ்கல் ஷியரால் அந்த இழுப்பை எதிர்க்க முடியாது. கேசீன் திரள்கள் துளைகளின் வாயில் வந்து அப்புகின்றன. அந்த அடுக்கு அழுத்தத்தில் நசுங்கி இறுகும் இயல்புடையது. இறுகினால் துளை குறுகி, போக வேண்டிய புரதமே நின்றுவிடும். வெளிவாயில் பகுதியோ 0.3 பாரில் நிதானமாக, சுத்தமாக இருக்கும். ஆலையின் மீட்டர் காட்டுவது இரண்டின் சராசரியைத்தான். முன்பாதி மூச்சுத் திணறுவதும் பின்பாதி ஓய்வாக இருப்பதும் அதில் தெரியாது.

இந்தக் கட்டத்தில் பொறியாளரின் கை இயல்பாகவே வேகத்தைக் கூட்டும் பக்கம் போகும். அடைக்கிறதா, இன்னும் வேகமாக ஓட்டு. ஆனால் வேகம் கூடினால் அழுத்த இழப்பும் கூடும். நுழைவாயில் அழுத்தம் இன்னும் ஏறும். அடைப்பு இன்னும் இறுகும். எதை மருந்தென்று கொடுக்கிறோமோ அதுவே நோயை வளர்க்கிறது. குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாம் என்றால், அழுத்த இழப்பே ஒன்றரை பார் இருக்கும்போது சராசரியை அரை பாருக்கு இறக்கவே முடியாது. பெர்மியேட் பக்கம் வால்வைச் சற்று மூடி எதிரழுத்தம் கொடுத்தாலோ, வெளிவாயிலுக்கு அருகே பெர்மியேட் பக்க அழுத்தம் மிஞ்சிவிடும். அங்கே வடிந்த பால் சவ்வு வழியாகப் பின்னோக்கி வரத் தொடங்கும்.

ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சவ்வுக் குழாயை நீளவாக்கில் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் பெர்மியேட்டையும் தனியாகச் சேகரித்து அளந்தார்கள். 2008-இல் வெளியான அந்த முடிவுகள் நுழைவாயில் பகுதியில் படிவு ஆட்சி செய்வதையும், வெளிவாயில் நோக்கிப் போகப் போக அதன் பிடி தளர்வதையும் எண்களாகக் காட்டின. ஆலைக்காரர்கள் உணர்வாக அறிந்திருந்ததற்கு அளவீடு வந்து சேர்ந்தது.

பந்துகள் நிறைந்த உறை

தீர்வு 1974-லேயே வந்துவிட்டது. ஆல்ஃபா லாவலின் சாண்ட்ப்ளோம் அந்த ஆண்டு ஸ்வீடனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1978-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சொன்னால் எளிது: குழாய்க்குள் அழுத்தம் இறங்குவதைத் தடுக்க முடியாதென்றால், குழாய்க்கு வெளியேயும் அதே அளவு இறங்கச் செய்துவிடு. பெர்மியேட்டையும் ஒரு பம்ப் வைத்து, பால் ஓடும் அதே திசையில் சுற்றவிடுவது. உள்ளே 1.8-லிருந்து 0.3-க்கு இறங்குவதைவிட இரண்டு பக்கத்தையும் சேர்த்து உயர்த்திவைக்கலாம். உள்ளே 3.0-லிருந்து 1.5, வெளியே 2.5-லிருந்து 1.0. இப்போது எந்த இடத்தில் அளந்தாலும் வேறுபாடு அரை பார்தான். 'சீரான சவ்வழுத்த முறை' என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் சவ்வுக் குழாய்களைச் சுற்றியுள்ள உறை அகலமானது. அதில் பெர்மியேட்டை ஓட்டி ஒன்றரை பார் இழக்கச் செய்ய வேண்டுமென்றால் ராட்சத அளவில் ஓட்டவேண்டியிருக்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விவரம் வருகிறது. குழாய்களுக்கும் எஃகு உறைக்கும் இடைப்பட்ட இடம் முழுவதையும் சிறுசிறு பிளாஸ்டிக் பந்துகளால் நிரப்பிவிட்டார்கள். பந்துகளின் சந்து வழியே முட்டி மோதிப் போகும் பெர்மியேட், கொஞ்ச அளவிலேயே வேண்டிய அழுத்தத்தை இழந்துவிடுகிறது. தலையைப் பிய்த்துக்கொள்ளவைக்கும் ஒரு பாய்ம இயக்கவியல் சிக்கலுக்குக் கைநிறையப் பந்துகள் விடை. உணவுத் தொழிலில் இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு பந்தின் சந்தையும் தினமும் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவியாக வேண்டும்.

இதனால் நடந்ததைச் சரியாகப் பெயரிட வேண்டும். வேகத்தையும் அழுத்தத்தையும் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குமுன் வேகம் என்று தனியாக ஒரு திருகு இருந்ததே இல்லை. அதைத் திருப்பினால் அழுத்தமும் சேர்ந்து திரும்பியது. முடிச்சு அவிழ்ந்தபிறகுதான் நொடிக்கு 7 மீட்டர் என்ற வேகம் தன் வேலையை முழுதாகச் செய்தது. அரை பாரைச் சுற்றிய அழுத்தத்தில், 500 லிட்டர் ஃப்ளக்ஸில், பத்து மணி நேர ஓட்டம் நடைமுறைக்கு வந்தது. பாக்டீரியாவில் 99.5 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டது. புரதம் ஏறத்தாழ முழுவதும் கடந்துபோனது. பாலை 20 மடங்கு செறிவாக்கினால், கிருமிகள் திரண்ட ரிடென்டேட் 5 சதவீதம் மட்டுமே. அதைக் க்ரீமோடு சேர்த்து உயர் வெப்பத்தில் ஒரு சில நொடி வைத்தால் போதும். மீதி 95 சதவீதப் பால் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை.

தொடங்கும் முறையிலும் இதே கவனம் வேண்டும். பாலைத் திறந்துவிட்டுப் பிறகு பெர்மியேட் பம்பை ஓட்டினால், நடுவில் போகும் அந்தச் சில நொடிகளே சவ்வைக் கெடுத்துவிடப் போதும். வெந்நீரால் இரு பக்கத்தையும் நிரப்பி, இரண்டு சுற்றோட்டத்தையும் நிலைநிறுத்தி, பெர்மியேட் வால்வைக் கிட்டத்தட்ட மூடிவைத்துக்கொண்டு பாலுக்கு மாற வேண்டும். அப்புறம் வால்வை மெதுவாகத் திறந்து ஃப்ளக்ஸை இலக்குக்குக் கொண்டுவர வேண்டும். அழுத்தத்தை நிலையாக வைத்து ஃப்ளக்ஸைப் போன போக்கில் விடுவதில்லை. ஃப்ளக்ஸை நிலையாக வைத்து அழுத்தத்தைக் கண்காணிக்கிறார்கள். படிவு உருவானால் அழுத்தம் ஏறிக் காட்டிக்கொடுக்கும்.

மின் கட்டணம்

ஒரு குழாய்க்கு 1.5 பார் இழப்பும் மணிக்கு 6 கன மீட்டர் ஓட்டமும் என்றால் நீரியல் திறன் 250 வாட். கேட்கச் சிறிதுதான். ஆனால் அது தரும் பெர்மியேட் மணிக்கு 120 லிட்டர். கன மீட்டர் ஒன்றுக்கு 2 யூனிட் ஆகிறது. பம்பின் திறன் 65 சதவீதம் என்று எடுத்தால் 3 யூனிட்டுக்கு மேல். பெர்மியேட்டைச் சுற்றவிடும் இரண்டாவது பம்ப் இதற்கு மேல். நீரியல் திறன் முழுவதும் கடைசியில் பாலில் வெப்பமாகத்தான் இறங்குகிறது. கன மீட்டருக்கு 2 யூனிட் என்றால் பாலின் சூடு ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். 50 டிகிரியில் வைத்திருக்கச் சுற்றுக்குள் குளிர்விப்பானும் தேவைப்படுகிறது.

பாலுக்கு இது கட்டுப்படியாகிறது. லிட்டருக்குக் கிடைக்கும் விலை அப்படி. தண்ணீருக்கு ஆகாது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் சவ்வுத் தொழிலின் பாதி வரலாறு புரியும்.

இரண்டாவது பம்பும் பந்துகளும் இல்லாமல் அதே விளைவைப் பெற முடியுமா என்று பிரெஞ்சுக்காரர்கள் யோசித்தார்கள். அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறதென்றால் சவ்வின் தடையையும் இடத்துக்கு இடம் மாற்றிவிட்டால் போயிற்று. மெம்ப்ராலாக்ஸ் என்ற செராமிக் சவ்வு வரிசையில் வந்த ஜி.பி. சவ்வில் நுழைவாயில் பக்கம் தாங்குச்சுவரின் ஊடுருவும் தன்மையைக் குறைத்து, வெளிவாயில் நோக்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். டாமி நிறுவனத்தின் ஐசோஃப்ளக்ஸில் வடிகட்டும் மேல் அடுக்கே நுழைவாயிலில் தடிமனாகவும் வெளிவாயிலில் மெலிதாகவும் இருக்கிறது. அழுத்தம் சீராக இல்லாவிட்டாலும் ஃப்ளக்ஸ் சீராகிவிடும்.

கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் முடிச்சு அவிழவில்லை, தொழிற்சாலையிலேயே இறுக்கிக் கட்டப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. குழாயைச் செய்தபோது எந்த வேகத்துக்கும் எந்தப் பாகுநிலைக்கும் அந்தச் சரிவைக் கணக்கிட்டார்களோ அதற்குத்தான் அது பொருந்தும். வேகத்தைக் குறைத்தால் அழுத்தச் சரிவு தட்டையாகும், சவ்வின் சரிவு அப்படியே நிற்கும். இப்போது வெளிவாயில் பக்கம் அதிகமாக உறிஞ்சும். இந்தக் குழாய்களைத் தலைகீழாகப் பொருத்தவும் கூடாது. நுழைவாயிலில் அதிக அழுத்தமும் மெலிந்த அடுக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரணக் குழாய்க்கு முன்பின் கிடையாது, இவற்றுக்கு உண்டு.

கேசீனைப் பிடிக்க வேண்டியிருந்தபோது

துளையை 0.1 மைக்ரானுக்குக் குறைத்தால் கேசீனே நின்றுவிடும். மோர்ப்புரதமும் லாக்டோசும் மட்டும் கடக்கும். பாலாடைக்கட்டிக்கும் புரதப்பொடிக்கும் இது தேவை. இங்கே நின்றுபோவது லட்சத்தில் ஒரு கிருமி அன்று, பாலின் முக்கால்வாசிப் புரதம். ஆகவே வேகத்துக்கும் ஃப்ளக்ஸுக்கும் உள்ள உறவு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

பிரான்சின் ரென் நகரில் உள்ள தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் டோஃபின், ழேசான்-கிசியூ குழுவினர் 1990-களில் இதை அளந்தார்கள். 1999-இல் அவர்கள் சொன்னது: ஃப்ளக்ஸை ஷியரால் வகுத்து வரும் எண் ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. கொழுப்பு நீக்கிய பாலுக்கு அந்த எல்லை, ஒரு பாஸ்கலுக்கு மணிக்குச் சதுர மீட்டருக்கு 0.95 லிட்டர் அளவில். அதற்குக் கீழே ஓட்டினால் படிவு மெலிதாக, நிலையாக இருக்கும். தாண்டினால் படிந்தது இறுகும். பிறகு ஃப்ளக்ஸைக் குறைத்தாலும் பழைய நிலை திரும்பாது.

நம் 4 மில்லிமீட்டர் துளைக்கு இதைப் பொருத்துவோம். நொடிக்கு 7 மீட்டரில் ஷியர் 150 பாஸ்கல், எல்லை 140 லிட்டர். 5 மீட்டருக்கு இறக்கினால் ஷியர் 82 பாஸ்கல், எல்லை 78 லிட்டர். ஒரு குழாய்க்கான மின்சாரமோ முன்பிருந்ததில் 40 சதவீதம்தான் ஆகும். சவ்வுப் பரப்பை ஏறத்தாழ இரட்டித்து 5 மீட்டரில் ஓட்டுவதா, குறைந்த பரப்பில் 7 மீட்டரில் ஓட்டுவதா? செராமிக்கின் விலை, மின்சாரத்தின் விலை, ஆலை ஆண்டுக்கு எத்தனை நாள் ஓடும் என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். மாறாத ஒன்று உண்டு: அந்த எண் சராசரிக்கு மட்டும் எல்லைக்குள் இருந்தால் போதாது, குழாயின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். சீரான அழுத்தம் இங்கே இன்னும் கட்டாயமாகிறது.

'மீளாத எல்லை' என்ற இந்த எண்ணத்துக்கு 1995-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஃபீல்டும் சகாக்களும் 'கிரிட்டிக்கல் ஃப்ளக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பொறியாளருக்கு அதில் உள்ள செய்தி: வேகத்தை முதலில் கொடு, ஃப்ளக்ஸை அப்புறம் கேள். படிந்தபிறகு வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் வீண்.

துகளின் அளவும் ஒரு விளையாட்டுக் காட்டுகிறது. மிகச் சிறியவை பிரவுனிய அசைவால், அதாவது திரவ மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஓயாத நடுக்கத்தால், தாமாகவே சவ்விலிருந்து விலகும். அளவு கூடக் கூட அந்த அசைவு மந்தமாகும். பெரிய துகள்கள் ஷியரின் தள்ளுதலால் ஒன்றோடொன்று உரசி விலகும். இன்னும் பெரியவற்றை ஓட்டத்தின் நிலைமமே சுவரிலிருந்து தூக்கும். 1961-இல் செக்ரேயும் சில்பர்பெர்க்கும் குழாயில் ஓடும் உருண்டைகள் மையத்திலும் நிற்காமல் சுவரிலும் ஒட்டாமல் நடுவில் வளையமாகச் சேர்வதைக் காட்டியது இந்த விசையைத்தான். நடுவே, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவைச் சுற்றி, இரண்டு உதவியும் எட்டாத ஒரு பள்ளம் இருக்கிறது. கேசீன் திரள் உட்கார்ந்திருப்பது சரியாக அந்தப் பள்ளத்தில். பாலுக்கு ஏன் இவ்வளவு மூர்க்கமான வேகம் வேண்டியிருக்கிறது என்பதற்கு அதுவே காரணம்.

கழிவுநீரிலும் சாயநீரிலும்

கழிவுநீர்த் துறையில் சவ்வு உயிரியல் கலன்கள், அதாவது பாக்டீரியா கழிவைத் தின்றபின் நீரைச் சவ்வால் பிரித்தெடுக்கும் தொட்டிகள், தொடக்கத்தில் இதே பாதையில்தான் போயின. கலனுக்கு வெளியே குழாய்ச் சவ்வு, அதற்குள் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் சேற்றுநீர். கன மீட்டருக்குப் பல யூனிட் மின்சாரம் போனது. போதாக்குறைக்கு, பம்பின் ஷியர் பாக்டீரியாத் திரள்களை உடைத்து நுண்துகளாக்கி, அவற்றை மேலே சொன்ன பள்ளத்துக்கே தள்ளிவிட்டது. 1989-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கஸுவோ யமமோட்டோ குழு இழைச் சவ்வைக் கலனுக்குள்ளேயே மூழ்கவைத்து மென்மையாக உறிஞ்சியது. உரசும் வேலையைக் காற்றுக்குமிழிகளிடம் ஒப்படைத்ததும், ஃப்ளக்ஸைத் தாழ்த்திக்கொண்டதும் சேர்ந்து, மின்சாரம் பெருமளவு குறைந்தது. இன்று நகராட்சிக் கழிவுநீருக்கு அந்த வழிதான்.

எதிர்ச்சவ்வூடு பரவலில், அதாவது ஆர்.ஓ.வில், வேகமே வேறு அளவு. சவ்வையும் வலையையும் சேர்த்துச் சுருட்டிய உருளைக்கு எலிமென்ட் என்று பெயர். அதற்குள் முக்கால் மில்லிமீட்டர் அளவுத் தடிமனுள்ள வலைக்குள் தண்ணீர் நொடிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர்தான் நகரும். கலக்கிவிடும் வேலையை வலையின் இழைகள் செய்கின்றன. இழப்பு எலிமென்ட்டுக்கு 1 பாரையும் ஆறு எலிமென்ட் உள்ள உறைக்கு 3.5 பாரையும் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்களின் வழக்கமான எல்லை. தாண்டினால் சுருள் தொலைநோக்கி போல வெளியே நீண்டுவிடும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், நொய்யலுக்குச் சொட்டு நீரும் விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்ற அந்த ஊர் ஆர்.ஓ.வை நம்பித்தான் ஓடுகிறது. கழிவே வெளியேறக் கூடாதென்றால் மீட்பு விகிதத்தை, அதாவது உள்ளே போகும் நீரில் நல்ல நீராக வடியும் பங்கை, உயர்த்தியாக வேண்டும். ஆவியாக்கியில் காய்ச்ச வேண்டிய ஒவ்வொரு லிட்டரும் பெரும் செலவு. ஆனால் மீட்பு கூடினால் உறையின் கடைசியில் ஓட மிஞ்சும் தண்ணீர் குறையும். வேகம் மிகக் குறைவாக இருக்கும் இடமும் உப்பு மிக அதிகமாக இருக்கும் இடமும் ஒன்றாகிவிடும். சவ்வை ஒட்டிய உப்புச் செறிவு நடு ஓட்டத்தைவிட 1.2 மடங்கைத் தாண்டக் கூடாது என்று வடிவமைப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. ஒரு மீட்டர் எலிமென்ட்டுக்கு அது 18 சதவீத மீட்பில் வந்துவிடும். அதனால்தான் இரண்டு உறைகளின் கழிவை ஒன்றாகச் சேர்த்து அடுத்த கட்டத்தில் ஒரே உறைக்குள் விடுகிறார்கள். இரண்டு உறைகளும் பாதி பாதி வடித்துவிட்டால், மூன்றாவதில் ஓட்டம் மறுபடியும் முதல் உறையின் அளவுக்கு வந்துவிடும். வேகம் மீண்டது, மொத்த மீட்பு 75 சதவீதம்.

பால் குழாயின் நுழைவாயில் நோய் இங்கேயும் இருக்கிறது. முதல் கட்டத்தில் அழுத்தம் அதிகம், உப்பு குறைவு; ஆகவே முன் எலிமென்ட்டுகள் அளவுக்கு மீறி வடித்து, கூழ்மத்தையும் உயிர்ப்படலத்தையும் இழுத்து அப்பிக்கொள்கின்றன. முதல் கட்டப் பெர்மியேட்டில் வால்வை இறுக்கி எதிரழுத்தம் கொடுப்பதும், கட்டங்களுக்கு நடுவே பூஸ்டர் பம்ப் வைப்பதும் சாண்ட்ப்ளோமின் யோசனைக்கு ஒன்றுவிட்ட உறவுகள்தான். வால்வு வைக்க மனமில்லாமல் மொத்த ஃப்ளக்ஸை மட்டும் பார்த்து ஓட்டும் ஆலையில் முன் எலிமென்ட்டுகளைப் படலத்துக்காகவும், கடைசி எலிமென்ட்டை கால்சியம் படிவுக்காகவும் கழற்றுவார்கள். கடைசியதைத் தராசில் ஏற்றினாலே போதும். புதிய எலிமென்ட்டின் எடையைவிடக் கூடுதலாக உள்ள ஒவ்வொரு கிலோவும் அதற்குள் படிந்த உப்பும், அது பிடித்துவைத்திருக்கும் ஈரமும்தான்.